கினுவாவும் குரக்கனும்: இதயத்தைக் காக்கும் தானியம் எது?

இலங்கையில் நிகழும் மரணங்களுள் மிகப் பெரும்பான்மையானவை தொற்றா நோய்களினாலேயே ஏற்படுகின்றன. உலக சுகாதார தாபனம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட விபரங்களின்படி எமது நாட்டின் மொத்த மரணங்களில் 83 வீதமானவை இவ்வகை நோய்களின் விளைவாகும். இதயத்தையும் குருதிக்குழாய்களையும் தாக்கும் நோய்கள் அவற்றுள் முதலிடம் வகிக்கின்றன. மொத்த மரணங்களில் அவற்றின் பங்கு 34 வீதமாகும். அதாவது மூவரில் ஒருவர் இதயம் சார்ந்த நோயினாலேயே உயிர் துறக்கின்றார்.

இதனைவிடக் கவலைக்குரிய மற்றொரு செய்தியும் உண்டு. உலகின் 52 நாடுகளில் நடத்தப்பட்ட 'இன்ரர்ஹார்ட்' ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007ஆம் ஆண்டு வெளியாயிற்று. இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம் ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு முதலாவது மாரடைப்பு ஏற்படும் சராசரி வயது 53 எனவும், ஏனைய நாடுகளில் அது ஏறத்தாழ 59 எனவும் அவ்வாய்வு கண்டறிந்தது. 53 வயது என்பது மகளின் திருமணத்திற்கும் மகனின் பல்கலைக்கழகப் படிப்பிற்கும் தந்தை உழைத்துக்கொண்டிருக்கும் வயது. ஆகவே இதய நோய் தனியொருவரின் உடலை மட்டுமன்றி ஒரு குடும்பத்தின் வருமானத்தையும் எதிர்காலத்தையும் ஒருசேரத் தாக்குகின்றது.

இந்நிலையில்தான் 'கினுவா' என்ற புதிய தானியத்தின் பெயர் கொழும்பு வாழ் மக்களின் காதுகளிலும் விழத் தொடங்கியுள்ளது. இலண்டனிலும் ரொரன்ரோவிலும் வாழும் உறவினர்கள் அதன் பெருமையைத் தொலைபேசியில் எடுத்துரைக்கின்றனர். கொழும்பின் பெரிய சுப்பர் மார்க்கெட்டுகளில் அது சிறு பொதிகளாக விற்பனைக்கு வைக்கப்பட்டுள்ளது. அதன் விலையோ குரக்கனின் விலையைவிடப் பன்மடங்காகும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை போன்ற பகுதிகளில் மாதச் சம்பளத்தையோ நாட்கூலியையோ நம்பி வாழும் குடும்பமொன்று இதய நலத்திற்காக இதனை வாங்கத்தான் வேண்டுமா? இக்கேள்விக்கு விடை காண்பது அவசியமாகும்.

கினுவா என்பது யாது?

தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைத்தொடரில், இன்றைய பொலிவியா, பெரு ஆகிய நாடுகளில், பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிரிடப்பட்டு வரும் செடியொன்றின் விதையே கினுவா ஆகும். நெல், கோதுமை, குரக்கன் என்பன புல்லினத்தைச் சேர்ந்தவை. கினுவாவோ பசளி, பீற்றூட் என்பவற்றிற்கு உறவான செடி. ஆயினும் தானியத்தைப் போன்றே சமைத்து உண்ணப்படுவதால் அதனையும் தானிய வரிசையிலேயே வைத்து நோக்குகின்றனர். ஐக்கிய நாடுகள் சபை 2013ஆம் ஆண்டினை சர்வதேச கினுவா ஆண்டாகப் பிரகடனப்படுத்தியதன் பின்னர் அதன் புகழ் உலகெங்கும் பரவியது.

சமைக்காத 100 கிராம் கினுவாவில் ஏறத்தாழ 14 கிராம் புரதமும் 7 கிராம் நார்ச்சத்தும் உண்டு. மனித உடலுக்குத் தேவையான அத்தியாவசிய அமினோ அமிலங்கள் யாவும் அதன் புரதத்தில் அடங்கியுள்ளன. மக்னீசியம், இரும்பு ஆகிய கனியுப்புக்களும் கணிசமாக உள்ளன. எனவே அது நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. ஆனால் இதயத்தைக் காப்பதில் ஏனைய தானியங்களை அது விஞ்சி நிற்கின்றது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. கினுவாவை மனிதர்களுக்குக் கொடுத்துச் செய்யப்பட்ட ஆய்வுகள் சிறிய அளவிலானவை. இதய நலனுக்குச் சான்றாக முன்வைக்கப்படும் பெரிய ஆய்வுகள் யாவும் பொதுவாக 'முழுத்தானியங்கள்' பற்றியவையே.

முழுத்தானியம் என்றால் என்ன?

தானிய மணியொன்றில் மூன்று பகுதிகள் உள்ளன. வெளிப்புறத்தில் தவிட்டுப் படை, ஓரத்தில் முளை, நடுவில் மாப்பொருள் நிறைந்த பகுதி என்பனவே அவை. நார்ச்சத்து, விற்றமின்கள், கனியுப்புக்கள் ஆகியவற்றின் பெரும்பங்கு தவிட்டிலும் முளையிலுமே அடங்கியுள்ளது. இம்மூன்று பகுதிகளும் நீங்காதிருக்கும் தானியமே முழுத்தானியம் எனப்படும். மணியாகவே இருந்தாலும், இடிக்கப்பட்டு மாவாக்கப்பட்டிருந்தாலும், மூன்றும் உள்ளேயிருந்தால் அது முழுத்தானியமே. ஆலையில் தவிடும் முளையும் நீக்கப்பட்டு மாப்பொருள் மட்டும் எஞ்சும்போது அது தீட்டிய தானியமாகி விடுகின்றது. எமது வீடுகளில் வேகும் வெள்ளையரிசியும் பேக்கரிகளில் பாணாகும் வெள்ளைக் கோதுமை மாவும் இவ்வகையைச் சேர்ந்தவை.

சிங்களச் சொல்லொன்று தரும் பாடம்

தீட்டிய தானியத்திற்கும் இதயத்திற்கும் உள்ள தொடர்பை உலகம் முதன்முதலில் அறிந்துகொண்டது எமது ஆசியப் பிராந்தியத்திலேயே என்பது பலர் அறியாத செய்தியாகும். 'பெரிபெரி' என்னும் நோய் நரம்புகளைத் தாக்கிக் கால்களை முடமாக்கும். அதன் ஒரு வகை இதயத்தைப் பலவீனமாக்கி, உடலை வீங்கச் செய்து, உயிரையே பறிக்கும். இப்பெயர் 'முடியாது' எனப் பொருள்படும் 'பெரி' என்ற சிங்களச் சொல்லை இரட்டித்ததால் பிறந்தது என அகராதிகள் கூறுகின்றன.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இன்று ஜகார்த்தா என அழைக்கப்படும் பத்தாவியாவில் பணியாற்றிய ஒல்லாந்த வைத்தியர் கிறிஸ்ரியான் எய்க்மன், தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றை உண்ட கோழிகள் நிற்கவும் இயலாது தள்ளாடியதையும், தவிடு நீங்காத அரிசியைக் கொடுத்தபோது அவை தேறியதையும் அவதானித்தார். இப்பணிக்காக 1929ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நொபெல் பரிசு அவருடன் பகிர்ந்துகொள்ளப்பட்டது. தவிட்டுடன் இழக்கப்பட்ட பொருள் தயமின் எனப்படும் விற்றமின் பி1 என்பது பின்னர் தெளிவாயிற்று.

இவ்வரலாற்றில் தமிழருக்கும் ஓர் இடமுண்டு. மலாயாவில் பணியாற்றிய பிரித்தானிய வைத்தியர் பிரடன் 1907ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், தீட்டிய பச்சையரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி பரவியிருக்க, புழுங்கல் அரிசியை உண்ட தமிழ்த் தொழிலாளர் அந்நோய்க்குத் தப்பியிருந்ததை எடுத்துக்காட்டினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் மணியின் உட்பகுதிக்குள் ஊறிவிடுகின்றது. அதன் பின்னர் தீட்டினாலும் அது முற்றாக அழிவதில்லை. எம் முன்னோர் காரணம் அறிந்து செய்தார்களோ இல்லையோ, அவர்களது வழக்கம் உயிர்களைக் காத்தது.

ஆயினும் புழுக்குதல் தயமினைக் காக்குமேயன்றித் தவிட்டின் நாரைக் காக்காது. இன்றைய மாரடைப்பைப் பொறுத்தவரை அந்த நாரே முக்கியமானது.

இதயத்திற்கு எவ்வாறு உதவுகின்றது?

முதலாவதாக, ஓட்ஸ், பார்லி ஆகியவற்றில் 'பீற்றா குளுக்கன்' என்ற நீரில் கரையும் நார் உள்ளது. அது குடலில் பசைபோலத் திரண்டு பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு மலத்துடன் வெளியேறுகின்றது. இழந்த பித்த அமிலங்களை மீண்டும் உருவாக்குவதற்காக ஈரல், குருதியிலுள்ள எல்.டி.எல். என்னும் தீய கொலஸ்திரோலை உள்ளிழுத்துப் பயன்படுத்துகின்றது. இதனால் குருதியில் அதன் அளவு குறைகின்றது. நாளொன்றுக்கு 3 கிராம் பீற்றா குளுக்கன் உண்பது இதய நோய் அபாயத்தைக் குறைக்க உதவலாம் என ஓட்ஸ் பொதிகளில் குறிப்பிடுவதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997ஆம் ஆண்டு அனுமதி வழங்கியது. பின்னர் பார்லிக்கும் அவ்வனுமதி விரிவுபடுத்தப்பட்டது. ஏறக்குறைய 70 கிராம் உலர்ந்த ஓட்ஸில் இந்த அளவு கிடைக்கும்.

இரண்டாவதாக, தவிடு நீங்காத தானியம், அதிலும் மணியாகவோ கரகரப்பான மாவாகவோ உண்ணப்படும்போது, மெதுவாகவே சமிபாடடைகின்றது. குருதியில் சீனி திடீரென உயர்வதில்லை. வெள்ளைப் பாணோ உண்ட சிறிது நேரத்திலேயே சீனியை உயர்த்தி, இன்சுலினையும் மிகையாகச் சுரக்கச் செய்கின்றது. இந்நிலை நாள்தோறும் நீடிக்கும்போது வயிற்றுக் கொழுப்பும் குருதியிலுள்ள திரைகிளிசரைட்டும் பெருகுகின்றன. நீரிழிவும் இதய நோயும் கைகோத்து வருவதற்கு இதுவே காரணமாகும். மூன்றாவதாக, தவிட்டிலுள்ள மக்னீசியமும் பொட்டாசியமும் குருதியமுக்கத்தைச் சீராக வைத்திருக்க உதவுகின்றன.

பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் 2016ஆம் ஆண்டு வெளியான தொகுப்பாய்வொன்று, நாளொன்றுக்கு 90 கிராம் முழுத்தானிய உணவை உண்போருக்கு முடியுரு நாடி நோய் ஏற்படும் அபாயம் 19 வீதம் குறைவாகக் காணப்பட்டதெனக் கூறியது. இரண்டு துண்டு முழுத்தானியப் பாணும் ஒரு கிண்ணம் முழுத்தானியக் காலை உணவும் ஏறக்குறைய இந்த அளவாகும். அதே சஞ்சிகையில் 2021ஆம் ஆண்டு வெளியான 21 நாடுகளின் ஆய்வு, தீட்டிய கோதுமை போன்ற தானிய உணவுகளை நாளொன்றுக்கு 350 கிராமுக்குக் குறையாமல் உண்போருக்கு, 50 கிராமுக்குக் குறைவாக உண்போரைவிட மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாரிய நோய்கள் ஏற்படும் அபாயம் 33 வீதம் அதிகமெனக் கண்டது. அவ்வாய்வில் வெள்ளையரிசிக்கு அத்தகைய தெளிவான தொடர்பு தென்படவில்லை. முழுத்தானியத்தின் நன்மையும் திட்டவட்டமாக வெளிப்படவில்லை. மக்களை அவதானித்துப் பெறப்படும் இத்தகைய முடிவுகள் இறுதித் தீர்ப்பாகா. எனினும் வெள்ளை மாவை மலையாகக் குவித்து உண்ணும் வழக்கம் இதயத்திற்கு உகந்ததல்ல என்பதே இவ்விரு ஆய்வுகளிலிருந்தும் நாம் பெறக்கூடிய படிப்பினையாகும்.

வெள்ளை மா வந்த வழி

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. பங்கீட்டு அரிசியின் குறையை ஈடுசெய்யக் கோதுமை மா வழங்கப்பட்டது. பின்னர் அமெரிக்க உதவித் திட்டத்தின் கீழும் மா வந்திறங்கியது. வடக்கில் முதியோர் இன்றும் அதனை 'அமெரிக்கன் மா' என்று அழைப்பதை நாம் கேட்கின்றோம். 1980ஆம் ஆண்டு திருகோணமலை சீனக்குடாவில் பாரிய மா ஆலை இயங்கத் தொடங்கிய பின்னர் கோதுமை மா நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் சென்றடைந்தது.

இதன் மறுபுறத்தில், 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் உணவுத் தட்டுப்பாடும் நிலவிய காலத்தில் குரக்கனும் மரவள்ளியும் மக்களின் பசியைப் போக்கின. அதனாலேயே அவை 'பஞ்சகால உணவு' என்ற பெயரையும் பெற்றன. பாணும் பட்டரும் நாகரிகமாகவும் குரக்கன் பிட்டு வறுமையின் அடையாளமாகவும் கருதப்படலாயின. இன்று தெமட்டகொடை ஒழுங்கைகளில் காலையும் மாலையும் இசையுடன் வரும் சூன் பாண் வண்டி, இரவில் கொத்து ரொட்டி, இடையில் தேநீருடன் பனிஸ் அல்லது ரோல்ஸ் என்றவாறு ஒருவர் நாள் முழுவதும் வெள்ளை மாவையே உண்டு முடிப்பது அரிதல்ல. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது கோதுமை மாவின் விலை பன்மடங்காக உயர்ந்தமை, பிற நாட்டுத் தானியத்தை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தையும் எமக்கு உணர்த்தியது.

கைக்கெட்டும் தானியங்கள்

கினுவா தரும் பயனை எமது சந்தையிலேயே பெற்றுக்கொள்ள இயலும். இவற்றுள் முதலாவது குரக்கன். அதன் மணி மிகச் சிறியது. தோல் உட்பகுதியுடன் இறுக ஒட்டியிருப்பதால் அரிசியைப் போல அதனை எளிதில் தீட்ட முடியாது. ஆகவே பெரும்பாலும் அது முழுத்தானியமாகவே அரைக்கப்படுகின்றது. 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் இருப்பதோ 10 மில்லிகிராம் அளவே. கினுவாவிலும் இவ்வளவு கல்சியம் கிடையாது. இந்தியாவின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டினை சர்வதேச சிறுதானிய ஆண்டாகப் பிரகடனப்படுத்தியமையும் இங்கு குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது தவிடு நீங்காத சிவப்பரிசி. பச்சைப்பெருமாள், மடத்தவாலு, காளு ஹீனட்டி போன்ற பாரம்பரிய இனங்களும், யாழ்ப்பாணத்தின் மொட்டைக்கறுப்பனும் இவ்வகையைச் சேர்ந்தவை. மூன்றாவது பார்லி. எமது வீடுகளில் சிறுநீர் எரிவுக்குப் பார்லியை அவித்து, நீரை அருந்திவிட்டு மணியை எறிந்துவிடுவது வழக்கம். நாரின் பெரும்பகுதி அந்த மணியிலேயே உள்ளது. பீற்றா குளுக்கன் பார்லி மணி முழுவதும் பரவியிருப்பதால், கடைகளில் கிடைக்கும் தீட்டிய பார்லியிலும் அது பெருமளவு எஞ்சியிருக்கும். கொலஸ்திரோலைக் குறைப்பதைப் பொறுத்தவரை கினுவாவையும் குரக்கனையும்விடப் பார்லிக்கும் ஓட்ஸுக்குமே வலுவான சான்றுகள் உள்ளன.

கினுவாவின் முழுமையான புரதத்திற்கும் மாற்று உண்டு. தானியங்களில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பிலும் பயறிலும் கடலையிலும் நிறைந்துள்ளது. சோற்றுடன் பருப்பையும் குரக்கன் பிட்டுடன் பயற்றையும் சேர்த்து உண்பவருக்கு அந்தக் குறை நீங்கிவிடும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

நிறத்தைக் கண்டு ஏமாறலாகாது. பாண் மண்ணிறமாக இருப்பதனால் மட்டும் அது முழுத்தானியப் பாண் ஆகிவிடாது. நிறமூட்டியோ கருகிய சீனியோ அந்நிறத்தைத் தந்துவிடும். பொதியின் மீது அச்சிடப்பட்டுள்ள உள்ளடக்கப் பட்டியலில் முதலாவதாக முழுக் கோதுமை மா குறிப்பிடப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். குரக்கன் கலந்த மா எனக் கூறப்படுவதில் கோதுமை மாவே பெரும்பங்காக இருக்கலாம். சிவப்பரிசியிலும் செந்நிறக் கோடுகள் மட்டும் எஞ்சியிருந்தால் தவிடு பெருமளவு தீட்டப்பட்டுவிட்டது என்பதே பொருள். 'நாட்டரிசி' என விற்கப்படும் வெள்ளைப் புழுங்கல் அரிசியும் முழுத்தானியமல்ல. வீட்டில் குரக்கனை அரைப்பித்தபின் மெல்லிய அரிதட்டினால் சலித்துத் தவிட்டை எறிந்துவிட்டால் பட்ட பாடு வீணாகிவிடும்.

கஞ்சியும் கந்தூரியும் பண்டிகையும்

முஸ்லிம்களுக்கு இவ்விடயம் புதியதல்ல. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் மாவைச் சலிக்கும் வழக்கம் இருக்கவில்லை எனவும், வாற்கோதுமையை அரைத்து உமியை ஊதிவிட்டு எஞ்சியதைச் சமைத்து உண்டனர் எனவும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. 'தல்பீனா' எனப்படும் கஞ்சியைத் துயருற்றோருக்கும் நோயாளருக்கும் கொடுக்குமாறு ஆயிஷா (ரழி) அவர்கள் கூறிவந்தமையும் அதே தொகுப்பில் உண்டு. வாற்கோதுமை மாவினால் தயாரிக்கப்படும் இக்கஞ்சி பற்றிய அறிவிப்பு உள்ளத்தின் துயரையே குறிக்கின்றது. அதனை மாரடைப்புக்கான மருந்தென விளம்பரம் செய்வது முறையாகாது. ஆயினும் சலிக்காத வாற்கோதுமை நல்லுணவு என்பதை இன்றைய மருத்துவமும் ஏற்றுக்கொள்கின்றது.

றமழான் மாதத்தில் கொழும்பின் பள்ளிவாசல்கள் தோறும் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சியில் வெள்ளையரிசிக்குப் பதிலாகத் தவிட்டுச் சிவப்பரிசியையோ, ஒரு பங்கு பார்லியையோ சேர்ப்பது கடினமான காரியமல்ல. தேங்காய்ப்பாலையும் உப்பையும் சற்றுக் குறைத்தால் பயன் இரட்டிப்பாகும். இப்தாரில் மாவில் பொரித்த பண்டங்களின் இடத்தை அவித்த கடலைக்குக் கொடுக்கலாம். கந்தூரியிலும் திருமண வைபவத்திலும் சஹனைச் சுற்றி அமரும்போது நெய்ச்சோற்றின் அளவைக் குறைத்துக்கொள்வதும் நலம்.

தமிழ் இல்லங்களில் தைப்பொங்கலுக்குச் சிவப்புப் பச்சையரிசியைப் பயன்படுத்தும் வழக்கம் இன்னும் உண்டு. அதனை அன்றாட உணவுக்கும் நீடிக்கலாம். இடியப்பத்திற்கும் பிட்டிற்கும் கோதுமை மாவுக்குப் பதிலாகச் சிவப்பரிசி மாவையும் குரக்கன் மாவையும் கலந்துகொள்ளலாம். காலையில் சீனியிட்ட தேநீரும் பனிஸும் உண்பதைவிட இலைக்கஞ்சி ஒரு கோப்பை மேலானது.

மனங்கொள்ள வேண்டியவை

இவை இருக்கும் உணவின் மேல் சேர்க்கப்பட வேண்டியவையல்ல. வெள்ளைச் சோற்றுக்கும் வெள்ளைப் பாணுக்கும் மாற்றாக உண்ணப்பட வேண்டியவை. வழமையான சோற்றை உண்டபின் குரக்கன் ரொட்டியும் உண்பவருக்கு எடை கூடுமேயன்றி இதயம் நலம்பெறாது. குரக்கனும் மாப்பொருளே. அளவு மிஞ்சினால் நீரிழிவு நோயாளருக்குச் சீனியை உயர்த்தவே செய்யும். கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் நிறைந்த குரக்கன் பலகாரங்கள் மருந்தாக மாட்டா. நாருணவுக்குப் பழக்கப்படாதவர்கள் படிப்படியாகக் கூட்டி, போதிய நீரும் அருந்த வேண்டும். இல்லையேல் வயிறு ஊதும். சிறுநீரக நோயாளர், முழுத்தானியங்களிலுள்ள பொட்டாசியம், பொசுபரசு காரணமாக, வைத்தியரின் ஆலோசனை பெற்றே உண்ண வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, உணவு மாறியதென்று கொலஸ்திரோலுக்கோ குருதியமுக்கத்திற்கோ எடுக்கும் மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது. நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் தோன்றி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வாய்வு எனக் கருதிச் சோடா அருந்தியபடி காத்திருத்தல் உயிராபத்தாகும். 1990 என்ற இலக்கத்துடன் இயங்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது. தெமட்டகொடையிலிருந்து கொழும்பு தேசிய வைத்தியசாலை வெகுதூரத்தில் இல்லை. எவ்வளவு விரைவாகச் செல்கின்றோமோ அவ்வளவுக்கு இதயத்தசை காக்கப்படும். புகைத்தலையும் உப்பையும் தவிர்ப்பதும் நாள்தோறும் நடப்பதும் இவற்றுடன் சேரவேண்டிய கடமைகளாகும்.

வசதி படைத்தவர் கினுவாவை விரும்பி உண்பதில் தவறேதுமில்லை. அதன் மேற்தோலில் கசப்புத் தரும் பொருள் இருப்பதால் நன்கு கழுவிச் சமைத்தால் போதுமானது. ஆனால் அதனை வாங்க இயலாத குடும்பம் தன் இதயத்தைக் காக்கவும் இயலாது என எண்ண வேண்டியதில்லை. அந்தீஸ் மலைவாசிகளுக்குக் கினுவா எதுவோ, அதுவே எமது வரண்ட வலயத்துச் சேனைகளில் விளையும் குரக்கன் எமக்கு. பஞ்சகால உணவென்று நாம் ஒதுக்கிவைத்த அதனை மீண்டும் அடுக்களைக்குள் அழைத்துவருவதே இன்று அறிவுடைமையாகும். வாரத்தில் இரண்டு நாட்களேனும் பாணின் இடத்தில் குரக்கன் பிட்டையும் வெள்ளைச் சோற்றின் இடத்தில் தவிட்டரிசிச் சோற்றையும் வைத்துத் தொடங்குவோமாக. 53 வயதிலும் அதற்குப் பின்னரும் நலமாயிருக்கும் தாய் தந்தையரே எமது பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடிய பெரும் செல்வம்.